எட்டு இருபத்தைந்து, புது நேரம்

தவறான அந்தப் பதிலை எழுதி முடிக்க றுஸைனாவுக்கு இரண்டு நிமிடம்தான் எடுத்தது. அதிலும் பாதி நேரம் ஒரு கை அகப்பையில் இருந்தது.

நிதானமாகவே சொல்கிறேன், கேளுங்கள். கணினி தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். இதில் விளங்காத அளவுக்கு ஒன்றும் இல்லை.

மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில், பெரிய வீதியிலிருந்து உள்ளே போகும் ஓர் ஒழுங்கையில் றுஸைனாவின் வீடு. கணவன் றினோஸ் தம்புள்ளைக்கு லொறி ஓடுகிறவன். அவள் வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்குக் கணினி நிரல் எழுதினாள். பைத்தன் என்பது கணினிக்கு வேலை சொல்லும் மொழிகளில் ஒன்று. அதைத் தமிழில் கேட்டுப் படிக்க ஓர் இடம் இருக்கட்டும் என்று அவள் தொலைபேசியில் ஒரு குழு தொடங்கியிருந்தாள். ‘மலைநாட்டுப் பைத்தன்’ என்று பெயர். அறுநூறு பேருக்கு மேல். மாத்தளை, கண்டி, நுவரெலியா, கட்டாரில் காவல் வேலை செய்துகொண்டே படிக்கிறவர்கள் என்று எல்லா மாதிரியும் இருந்தார்கள். பைத்தன் என்றால் மலைப்பாம்பு என்றும் பொருள் இருப்பதால், றினோஸ் அதைப் பாம்புக் கூட்டம் என்பான்.

அந்தக் கூட்டத்துக்கென்று சில வழக்கங்கள் இருந்தன. நிரலில் சிக்கிக்கொண்டவர் சிக்கலைப் போடுவார். தெரிந்தவர் பதில் சொல்வார். சொன்னபடி செய்து நிரல் வேலை செய்தால், கேட்டவர் ஒரே ஒரு சொல் எழுத வேண்டும்: ‘ஓடுது’. ஓடுது விழுந்த பதில்களை றுஸைனா ‘பதில் ஏடு’ என்ற இணையப் பக்கத்தில் சேர்த்து வைப்பாள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவுமே என்று. அவளுடைய பேரில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு ஓடுது இருந்தது. அவளுக்கு அடுத்து நின்றவருக்கு எழுபது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஞாயிறு காலையில் ஒவ்வொருவரும் ‘இந்தக் கிழமை நான் உடைச்சது’ என்று ஒன்று எழுத வேண்டும். கம்பனியின் விலைப்பட்டியலை அழித்தவர், மேலதிகாரிக்கு நூறு மின்னஞ்சல் அனுப்பியவர் என்று சிரிக்கச் சிரிக்க எழுதுவார்கள். பிழை விடுவது வெட்கமில்லை, மறைப்பதுதான் வெட்கம் என்று சொல்லி அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததே றுஸைனாதான். அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நோன்பு நாள். நோன்பு திறக்க இன்னும் அரை மணித்தியாலம். அடுப்பில் கஞ்சி. தொலைபேசி சட்டியோரத்தில் சாய்ந்து நின்றது. யட்டவத்தையிலிருந்து பவித்ரன் என்ற பையன் கேட்டிருந்தான்.

“அக்கா, 1999ல ஒரு தேதி குடுத்தா, கொழும்பு நேரம் உலக நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முன்னுக்குன்னு காட்டுது. நமக்கு அஞ்சரைதானே? எங்க பிழை விட்டேன்?”

உலகத்துக்குப் பொதுவாக ஒரு நேரம் வைத்து, ஒவ்வொரு நாடும் அதற்கு எவ்வளவு முந்தி, எவ்வளவு பிந்தி என்று கணக்கிடுவார்கள். இலங்கை ஐந்தரை மணித்தியாலம் முந்தி. அந்தக் கணக்கைச் செய்ய வேறு யாரோ எழுதி வைத்த ஒரு நிரல் தொகுப்பைத்தான் எல்லோரும் எடுத்துப் பாவிப்பார்கள். லைப்ரரி என்பார்கள் அதை. பவித்ரனும் அதைத்தான் பாவித்திருந்தான்.

றுஸைனா கஞ்சியைக் கிண்டிக்கொண்டே எழுதினாள்: “உங்கட கோட்ல பிழை இல்ல தம்பி. லைப்ரரியிலதான் பிழை. இலங்கைக்கு எப்பவும் அஞ்சரைதான். அந்த வரியைத் தூக்கிட்டு 5.5 எண்டு கையால போடுங்க.”

அடுத்த நிமிடமே அவன் எழுதினான்: “ஓடுது அக்கா! நீங்க வேற லெவல்.”

இருபது முப்பது இதயங்கள் விழுந்தன. கஞ்சி அடிப்பிடிக்கவில்லை. அவள் பதிலை ஏட்டில் சேர்த்துவிட்டு நோன்பு திறக்கப் போனாள்.

*

இரண்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை காலை, தவமணிதேவி என்பவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. மாத்தளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், முப்பத்துநாலு வருடம் இருந்து ஓய்வெடுத்தவர். சொந்த ஊர் வடக்கே. வயது அறுபத்துமூன்று. குழுவில் சேர்ந்து நாலு மாதம்தான். பதில் ஏட்டை முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் படித்து வருகிற ஒரே ஆள்.

“பிள்ளை, குழுவில கேட்டா உமக்கு ஒரு மாதிரியிருக்கும் எண்டு தனிய எழுதுறன். 1999இல எங்களுக்கு ஆறு மணித்தியாலம்தானே? புது நேரம். நீர் ஏன் அஞ்சரை எண்டு போட்டனீர்? நான்தான் பிழையா விளங்கினனோ தெரியாது.”

றுஸைனா அதைச் சிரித்துக்கொண்டுதான் வாசித்தாள். பாவம், வயதானவர், எதையோ குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தாள். அந்த நேரம் றினோஸ் தம்புள்ளையிலிருந்து வந்து, முகம் கழுவிவிட்டுத் தேத்தண்ணீருக்கு உட்கார்ந்தான்.

“என்ன, பாம்புக் கூட்டத்துல கொத்திட்டாங்களா?”

“சும்மா இருங்க. புது நேரம் எண்டு ஒண்டு இருந்திச்சா?”

“இருந்திச்சே! தொண்ணூத்தாறுல கரண்ட் தட்டுப்பாடு வந்து மணிக்கூட்ட முன்னுக்குத் தள்ளினாங்க. இருட்டோட ஸ்கூலுக்குப் போனோம். எங்கட உம்மா குசினி மணிக்கூட்ட மட்டும் மாத்தவே இல்ல. அடுப்புக்கு என்ன புது நேரம் எண்டு கேட்டா. குசினியில ஏழு மணி, முன் அறையில ஏழரை. நான் குசினி நேரத்துக்குத்தான் வந்தேன் சேர் எண்டு சொல்லி அடியும் வாங்கியிருக்கேன்.”

“எது வரைக்கும்?”

“ஒரு பத்து வருஷம் இருக்கும். ரெண்டாயிரத்தாறு சித்திரையிலதான் பழையபடி திருப்பினாங்க. நீ அப்ப உம்மா வாப்பாவோட ஜித்தாவுலல்லவா இருந்த? உனக்கு எங்க தெரியப்போகுது?”

அவள் கணினியைத் திறந்தாள். அந்த லைப்ரரியின் உள்ளே இலங்கைக்கான பகுதியைத் தேடிப் பிடித்தாள். எல்லாம் இருந்தது. எந்த மாதம், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு இந்த நாட்டு மணிக்கூடுகள் எவ்வளவு நகர்ந்தன என்று எவரோ, எந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதி வைத்திருந்தார். அவள் அதைப் பிழை என்றாள். வரியையே தூக்கச் சொன்னாள்.

“என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது?” என்றான் றினோஸ்.

“ஒண்டுமில்ல. தேத்தண்ணி ஆறுது, குடிங்க.”

அவள் முதலில் செய்தது இதுதான், உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். பதில் ஏட்டைத் திறந்தாள். பிழையான வரியை அழித்தாள். சரியானதை எழுதினாள். சேமித்தாள். ஏட்டில் திருத்தினால் யாருக்கும் அறிவித்தல் போகாது. அந்தப் பதில் முதல் நாளிலிருந்தே சரியாக இருந்தது போல அங்கே இருந்தது. தவமணிதேவிக்கு, “நன்றி அன்ரி, திருத்திட்டேன்” என்று எழுதினாள்.

மதியம் வரைக்கும் மனது லேசாகத்தான் இருந்தது. மதியம் அவரிடமிருந்து இன்னொன்று வந்தது.

“திருத்தினதைக் கண்டன் பிள்ளை. நல்லது. ஆனா ஒண்டு. எங்கட கச்சேரியில ஒரு எழுத்துப் பிழைச்சாலும் அழிக்க விடமாட்டினம். குறுக்கால ஒரு கோடு கீறி, பிழை தெரியத்தக்கதா விட்டு, பக்கத்தில சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்தும் தேதியும் வைக்கோணும். அழிச்சா, முந்தினதை நம்பி வேலை செய்தவனுக்கு ஒண்டும் தெரியவராது எண்டு எங்கட பெரிய கிளார்க் சொல்லுவார். கிழவி அலட்டுறாள் எண்டு நினையாதையும்.”

முந்தினதை நம்பி வேலை செய்தவன்.

அவளுக்கு அந்தப் பையனின் பெயர் அப்போதுதான் ஞாபகம் வந்தது. எதற்காகக் கேட்டான் என்பது ஞாபகம் வரவில்லை. வராது, அவள் கேட்கவே இல்லையே.

சாதாரணமாகக் கேட்பது போல எழுதினாள்: “பவித்ரன் தம்பி, சுகமா? முந்தி ஒருக்கா நேரக் கணக்கு ஒண்டு கேட்டீங்களே. அது எதுக்குப் பாவிச்சீங்க?”

பதில் குதித்துக்கொண்டு வந்தது. “அக்கா! நீங்க ஞாபகம் வெச்சிருக்கீங்களா? அது சாதகம் கணிக்கிற ஆப் அக்கா. பிறந்த நேரம் குடுத்தா லக்னம், கிரகம் எல்லாம் வரும். பொருத்தமும் பார்க்கலாம். இலவசம்தான். இங்க கோயில்ல, தோட்டத்துல எல்லாரும் இதுலதான் பார்க்கிறாங்க. நாலாயிரத்துக்கு மேல கணிச்சாச்சு. நன்றிப் பக்கத்துல முதல் பேரே உங்கடதுதான். பாருங்க!”

படமும் அனுப்பியிருந்தான். நீல எழுத்தில் அவள் பெயர்.

றுஸைனாவின் வீட்டில் சாதகம் பார்க்கிற பழக்கம் இல்லை. அரை மணித்தியாலம் மாறினால் ஒரு சாதகத்துக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது. அதைக் கேட்டாள்.

“அரை மணித்தியாலமா? சில பேருக்கு ஒண்டும் ஆகாது. லக்னம் ஒரு ராசி முடியிற இடத்துல இருந்தா, அடுத்ததுக்குத் தாவிரும். அப்ப எல்லாம் இடம் மாறும். எங்க அக்காவுக்கே பாருங்க, செவ்வாய் எட்டாம் இடத்துல. தோஷம். நல்ல இடம் ஒண்டு வந்து, அதாலதான் தட்டிப்போச்சு. ஏன் அக்கா கேக்கிறீங்க?”

அவள் திருப்பி ஒன்று கேட்டாள்.

“உங்க அக்கா எந்த வருஷம்?”

“99 பெப்ரவரி. அவளுக்காகத்தான் முதல்ல கேட்டதே.”

*

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தரம் எழுதினாள். மூன்று தரமும் அது ஒரு சின்னத் தொழில்நுட்பப் பிழை பற்றிய அறிவித்தல் மாதிரியே வந்தது. சனிக்கிழமை றினோஸிடம், “என்ன யட்டவத்தைக்குக் கூட்டிட்டுப் போங்க” என்றாள். பைக்கின் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டியவன், கடைசியில் கேட்டான்.

“அவங்க ஏசினா நான் உள்ளுக்கு வரணுமா, வெளியில நிக்கணுமா?”

“வெளியில நில்லுங்க.”

“நல்லது. எனக்கும் பயம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அது வந்ததற்காக வெட்கமும் வந்தது.

பவித்ரன் வாசலுக்கே ஓடி வந்தான். இருபத்துநாலு வயது. “அப்பா, இவங்கதான் றுஸைனா அக்கா! இருநூத்திப் பன்னெண்டு!” என்றான். அவனுடைய அப்பா ஆறுமுகநாதன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவர். வடக்கிலிருந்து வேலை மாற்றத்தில் வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி இறந்து ஆறு வருடம். “வாங்கோ பிள்ளை, இருங்கோ. இவன் வாய் திறந்தா உங்கட பேர்தான்” என்றார்.

அக்கா லக்ஷிகா பிரதேச செயலகத்தில் வேலை செய்கிறவள். தட்டில் முறுக்கும், பால் விடாத பிளேன்டியும் கொண்டுவந்து வைத்தாள். “ஆள் பெரிசா இருப்பீங்கன்னு நினைச்சேன்” என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வது கஷ்டமாக இருந்தது. றுஸைனா பிளேன்டியைத் தொடாமல், தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். கஞ்சியைச் சொன்னாள். இரண்டு நிமிடத்தைச் சொன்னாள். புதன்கிழமை சத்தமில்லாமல் அழித்ததையும் சொன்னாள்.

முதலில் அசைந்தது ஆறுமுகநாதன்தான். நெற்றியில் கையை வைத்தார்.

“ஐயோ... நான்தான் நேரம் குறிச்சனான். ஆசுபத்திரி மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எட்டு இருபத்தஞ்சு எண்டு எழுதினனான். புது நேரம்தான் அது. ஒரு சாத்திரியாரிட்டைப் போயிருந்தா, பழைய நேரமோ புது நேரமோ எண்டு அந்தாள் முதல் கேள்வியாக் கேட்டிருப்பார். போன் கேக்கேல்ல. நானும் சொல்லேல்ல.”

பவித்ரன் மடிக்கணினியை எடுத்து வந்தான். 5.5 என்று கையால் போட்ட வரியைத் தூக்கினான். பழைய வரியைத் திரும்ப எழுதினான். அக்காவின் பிறந்த தேதியைக் கொடுத்தான். திரையில் கட்டம் வந்தது. லக்னம் மீனத்திலிருந்து கும்பத்துக்குப் பின்வாங்கியிருந்தது. செவ்வாய் ஒன்பதில்.

“தோஷம் இல்லக்கா” என்றான். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

லக்ஷிகா திரையைப் பார்த்தாள். பிறகு தம்பியை விட்டுவிட்டு றுஸைனாவின் பக்கம் திரும்பினாள்.

“நாவுலவுல இருந்து வந்த சம்பந்தம். கணக்கு டீச்சர். நாலு தரம் போன்ல பேசினோம். சும்மா இல்ல, ஒவ்வொரு தரமும் ஒரு மணித்தியாலம். அவருக்குக் கறிவேப்பிலை பிடிக்காது. நான் பொறுக்கி எடுத்து வெச்சிருவேன்னு சொன்னேன். அவங்க வீட்டுல சாதகம் கேட்டாங்க. தம்பி பிரின்ட் எடுத்துக் குடுத்தான். எட்டுல செவ்வாய்னு பார்த்த உடனே அவங்க அம்மா வேணாம்னுட்டாங்க. இந்த வைகாசியில அவருக்குக் கலியாணம் முடிஞ்சிருச்சு.”

“நான் போய் அவங்களுக்கு விளக்கிச் சொல்றேன்...” என்று றுஸைனா தொடங்கினாள். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு வெறுமையான பேச்சு என்று அவளுக்கே கேட்டது.

“யாருக்கு? அந்தப் பொண்ணுக்கா? உன்ட இடம் இன்னொருத்தியோடது, எங்கட கணக்குப் பிழைச்சுப் போச்சுன்னா?”

“என்னை மன்னிச்சிக்கோங்க.”

“ஒண்டு கேக்கிறேன், கோவிக்காதீங்க. எனக்கு இது தெரியணும்னு வந்தீங்களா, உங்க மனசுல இருந்து இறக்கி வெக்கணும்னு வந்தீங்களா?”

இரண்டும்தான். இரண்டாவதுதான் அதிகம் என்று அந்த நேரத்தில் அவளுக்கே தெரிந்தது.

“லக்ஷி” என்றார் அப்பா மெதுவாக.

“நான் ஏசல்ல அப்பா. கேட்டேன்.” அவள் முறுக்குத் தட்டை றுஸைனாவின் பக்கம் தள்ளினாள். அது மன்னிப்பு இல்லை, வீட்டுக்கு வந்தவளுக்குச் செய்கிற மரியாதை. “சரி. எத்தனை பேர்?”

பவித்ரன் விழித்தான். “என்ன எத்தனை?”

“எனக்கு மட்டுமாடா பிழைச்சிருக்கும்? அந்தப் பத்து வருஷத்துல பிறந்தவங்க எத்தனை பேர் உன் ஆப்புல பார்த்தாங்க?”

அவன் எண்ணிக்கையை எடுத்தான். ஆப் பெயர்களை வைத்திருக்கவில்லை. பிறந்த வருடங்களை மட்டும் வைத்திருந்தது. 1996 நடுவிலிருந்து 2006 சித்திரை வரை: இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம்.

அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்களுக்கு இப்போது பத்தொன்பதிலிருந்து இருபத்தொன்பது வயது. கலியாணம் பேசுகிற வயது. ஊரில் வேறெந்த வயதுக்காரருக்கும் இல்லாமல், சரியாக இந்தப் பிள்ளைகளின் மேலேயே அந்த அரை மணித்தியாலம் விழுந்திருந்தது.

“எல்லாருக்கும் லக்னம் மாறியிருக்காது” என்றான் பவித்ரன். “நாலில ஒரு ஆளுக்குத்தான் மாறும். நான் சத்தமில்லாமத் திருத்திப் புது ஆப் விட்டுர்றேன். இனிப் பார்க்கிறவங்களுக்குச் சரியா வரும்.”

றுஸைனா அவனைப் பார்த்தாள். புதன்கிழமை தான் செய்ததை அவன் வாயில் கேட்டாள்.

“அதை நான் செஞ்சு பார்த்தேன் தம்பி,” என்றாள். “அது சரி வரல்ல.”

“அப்ப கலியாணம் முடிச்சவங்களுக்கெல்லாம் போய், உங்க சாதகம் பிழைன்னு சொல்றதா அக்கா? நல்லா இருக்கிறவங்களையும் குழப்பணுமா?”

“அது நீங்க ரெண்டு பேரும் முடிவெடுக்கிற விஷயம் இல்ல” என்றாள் லக்ஷிகா. “பிழைச்சுப் போச்சுன்னு சொல்லுங்க. திரும்பிப் பார்க்கிறதா, விட்டுர்றதான்னு அவங்கவங்க பார்த்துக்குவாங்க. எனக்குப் பதிலா நீங்க ரெண்டு பேரும் முடிவெடுத்தது போதும்.”

வாசலில் றினோஸ் பைக்கில் சாய்ந்து நின்றான். அவள் ஏறி உட்கார்ந்ததும், “ஏசினாங்களா?” என்று கேட்டான்.

“ஏசல்ல.”

“அப்ப ஏன் அழுற?”

“அதுக்குத்தான்.”

*

ஞாயிறு காலை எட்டு மணிக்கே ‘இந்தக் கிழமை நான் உடைச்சது’ தொடங்கிவிட்டது. கம்பளையிலிருந்து ஷிஃபான் எழுதினான்: “அலுவலகப் பிரின்டர் என் கோட்டால முன்னூறு வெறுந்தாள் தள்ளியது. இப்ப எல்லாரும் அதுலதான் வடை கட்டுறாங்க.” எல்லோரும் சிரித்தார்கள். “தலைவி எங்க? தலைவி ஒண்டுமே உடைக்க மாட்டாவே” என்று யாரோ சீண்டினார்கள்.

றுஸைனா முதலில் பதில் ஏட்டைத் திறந்தாள். அழித்த வரியைத் தேடி எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது. அதன் பக்கத்தில் தன் பெயரும் தேதியும். கீழே: ‘புதன்கிழமை இதை யாருக்கும் சொல்லாமல் அழித்தேன். அதுவும் பிழை.’

பிறகு குழுவுக்கு வந்து எழுதினாள். எந்தச் சமாதானமும் சேர்க்கவில்லை. 1996க்கும் 2006க்கும் நடுவில் பிறந்தவர்களின் நேரம் அந்த ஆப்பில் பிழையாகக் கணிக்கப்பட்டது, அதற்குத் தன் பதில்தான் காரணம் என்று எழுதினாள். கேட்டவர் எதற்குக் கேட்கிறார் என்று தான் கேட்கவில்லை என்றும், தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொன்னேன் என்றும் எழுதினாள். யட்டவத்தை வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. அது அவளுடைய கதையல்ல, சொல்வதற்கு.

குழு சிரிப்பதை நிறுத்தியது.

சற்று நேரத்தில் பவித்ரனும் எழுதினான். தன் ஆப்பைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் இன்றிலிருந்து முதலில் அந்த அறிவித்தல்தான் தெரியும் என்றும், ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று இனி அது கேட்கும் என்றும் சொன்னான். அதற்குப் பிறகு, இரண்டு வருடத்துக்கு முன் தான் எழுதிய ‘ஓடுது’வைத் திரும்ப எடுத்தான். றுஸைனாவின் பேருக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பதினொன்று ஆனது. அவனை அவள் குறை நினைக்கவில்லை. ஓடாத ஒன்றுக்கு அது எப்படி அங்கே இருக்கலாம்?

ஆறுதல் வார்த்தைகள் வந்தன. ‘பரவால்ல அக்கா’ என்று பல பேர். அந்தப் பரவாயில்லை ஒவ்வொன்றும் அவளுக்கு அடி மாதிரி விழுந்தது. சொல்ல உரிமை உள்ளவர் யாரும் அதைச் சொல்லவில்லை. தவமணிதேவி மட்டும், “கோடு கீறினதைக் கண்டன்” என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பத்து மணிக்கு, அறிவித்தலைப் பார்த்துக் குழுவுக்குள் வந்த ஒரு பெண் எழுதினாள். எல்கடுவைப் பக்கம்.

“அக்கா நான் 2002. போன வருஷம் இந்த ஆப்புலதான் எட்டுப் பொருத்தம் இருக்குன்னு பாத்து எனக்குக் கலியாணம் செஞ்சு வெச்சாங்க. இப்ப வயித்துல ஏழு மாசம். அவரு நல்ல மனுஷன். மாமிக்கு இந்த விஷயம் தெரிஞ்சா திரும்பப் பாக்கச் சொல்லுவாங்க. நான் பாக்கணுமா, வேணாமா?”

இரண்டு நிமிடம் போனது. ஐந்து நிமிடம் போனது. அறுநூறு பேரும் தலைவியின் பதிலுக்காகக் காத்திருப்பது திரையில் தெரிந்தது. பார்க்க வேண்டாம் என்று எழுதினாள், அழித்தாள். உங்கள் விருப்பம் என்று எழுதினாள். நழுவுவது மாதிரி இருந்தது, அதையும் அழித்தாள். கடைசியில் அந்தக் குழுவில் அவள் ஒருநாளும் எழுதாத ஒன்றை எழுதினாள்.

“எனக்குத் தெரியாது தங்கச்சி.”

அதற்குக் கீழே புதிய பெயர் ஒன்று திரையில் வந்தது. லக்ஷிகா. எப்போது உள்ளே வந்தாள் என்று றுஸைனா கவனித்திருக்கவில்லை.

“எனக்கும் இதே ஆப்தான் பிழையாச் சொல்லிச்சு. அதால சொல்றேன். மனுஷன் நல்லவர்னு நீங்களே பார்த்துட்டீங்களே, அதுக்கு மேல கட்டத்துல என்ன தேடுறீங்க? மாமி கேட்டா அப்ப பார்த்துக்கலாம். இப்ப நல்லாச் சாப்பிட்டுத் தூங்குங்க. பிள்ளை பிறக்கிற நேரத்த மட்டும் சரியா எழுதி வைங்க.”

எல்கடுவைப் பெண் சிரிக்கிற முகம் ஒன்று போட்டாள்.

றுஸைனா காத்திருந்தாள். லக்ஷிகாவிடமிருந்து வேறொன்றும் வரவில்லை. தான் பிழையை ஒப்புக்கொண்டு எழுதியதற்குக் கீழே, லக்ஷிகாவின் பெயரில் ஒரு சொல்லும் இல்லை, ஓர் அடையாளமும் இல்லை. இன்றுவரை இல்லை. அதைப் பார்க்கவென்று றுஸைனா எத்தனை தரம் அந்தப் பக்கத்தைத் திறந்தாள் என்று நான் சொல்லப் போவதில்லை.

திங்கள் காலை, கம்பனி வேலை தொடங்க முன்பு, அவள் பதில் ஏட்டை முதலாவது பதிலிலிருந்து திறந்து வைத்தாள். கேட்டவர் பெயர் இப்ஹாம், உக்குவளை. நாலு வருடத்துக்கு முந்திய கேள்வி. அவருக்கு எழுதினாள்: “சுகமா? முந்தி ஒருக்கா என்னட்ட ஒரு கோட் கேட்டீங்க. அதை எதுக்குப் பாவிச்சீங்க எண்டு அப்ப நான் கேக்கல்ல. இப்பக் கேக்கிறேன்.”

“பாம்புக் கூட்டத்துக்குக் காலையிலேயே பரீட்சையா?” என்றான் றினோஸ், லொறிச் சாவியைத் தேடிக்கொண்டே.

“எனக்குத்தான் பரீட்சை. சாவி பிரிட்ஜுக்கு மேல.”

தொலைபேசி அதிர்ந்தது.

“கோழிக்கூட்டு லைட் தானாப் பத்துறதுக்கு தங்கச்சி. ஏன், என்ன பிரச்சினை?”

அவள் வீட்டுப் பேச்சில் அண்ணன் என்றால் நானா. உடனே எழுதினாள். “கோழியெல்லாம் நல்லா இருக்கா நானா?”

“கோழிக்கென்ன? நல்லாத்தான் இருக்கு. முட்டைதான் சின்னதா இடுது. அதுக்கும் உங்கட கோட்டுக்கும் சம்பந்தம் இல்லயே?”

“தெரியாது நானா. லைட் எத்தனை மணிக்குப் பத்துது, எத்தனை மணிக்கு நூருது எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க. நான் இருக்கேன்.”

அவர் கோழிக்கூட்டுக்குப் போய்வரும் வரைக்கும் அவள் அடுத்த பெயரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.